ஜிபி சர்ஜரிக்கு சி.கியூ.சி கொடுக்கும் மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம்?

3 பிப்ரவரி 2025

ஜிபி சர்ஜரி என்பது இங்கிலாந்தில் குடும்ப டாக்டர்கள் இருக்கும் கிளினிக், சி.கியூ.சி என்பது அதைச் சோதித்து மதிப்பிடும் அமைப்பு. ஒரு வாசகியின் கேள்வி: "சென்னையிலிருந்து குரோய்டனுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கைக்குழந்தை இருக்கிறாள், கணவருக்கு ஆஸ்துமா. வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு ஜிபி சர்ஜரி. ஒன்றின் கதவில் 'குட்' என்று ஒட்டியிருக்கிறது, ஆனால் கடைசியாகச் சோதனை நடந்தது 2016இல். இன்னொன்றுக்குப் போன வருடம்தான் 'ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட்' (முன்னேற்றம் தேவை) கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது பக்கமே போகாதே என்கிறார் பக்கத்து வீட்டம்மா. எதில் பதிவது?"

3 பிப்ரவரி, இரவு

என்ன மதிப்பீடு என்று பார்ப்பதற்கு முன்னால் எந்தத் தேதி என்று பாருங்கள். 2016இல் வாங்கிய குட் இன்றைக்கு அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஒன்பது வருடத்தில் மூத்த டாக்டர் ஓய்வு பெற்றிருப்பார், பிராக்டிஸ் மேனேஜர் மாறியிருப்பார், பக்கத்து சர்ஜரி மூடியதால் அங்கிருந்த நோயாளிகள் எல்லாம் இங்கே வந்து சேர்ந்திருப்பார்கள். கதவில் இருக்கும் தாள் மட்டும் அப்படியே இருக்கும். மதிப்பீட்டை வாசலிலும் இணையதளத்திலும் காட்ட வேண்டும் என்பது 2015 ஏப்ரலிலிருந்து சட்டம், ஆகவே அவர்கள் ஒட்டியதில் தவறில்லை.

புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. சி.கியூ.சி என்கிற கேர் குவாலிட்டி கமிஷன் 2009 ஏப்ரலில் வந்தது. ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் எல்லாம் முதலில் அதன் கீழ் வந்தன, ஜிபி சர்ஜரிகள் 2013 ஏப்ரலில்தான் வந்தன. அவுட்ஸ்டாண்டிங், குட், ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட், இனாடிகுவேட் (போதாது) என்று நான்கு படியில் சர்ஜரிகளை மதிப்பிடத் தொடங்கியது 2014 அக்டோபரில். இங்கிலாந்து முழுக்க ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சர்ஜரிகளை ஒரு சுற்று பார்த்து முடிக்க 2017 ஆகிவிட்டது. அந்தச் சுற்றின் முடிவில் நூற்றுக்கு 86 குட், 4 அவுட்ஸ்டாண்டிங். அதாவது பத்தில் ஒன்பது சர்ஜரி தேறிவிட்டது. அந்தக் காலத்துக் குட்டை வைத்துக்கொண்டு இரண்டு சர்ஜரிகளில் எது மேல் என்று பிரித்துப் பார்க்க முடியாது.

அப்புறம் கொரோனா. 2020 மார்ச்சில் வழக்கமான சோதனைகளை நிறுத்தினார்கள். மறுபடி தொடங்கிய பிறகும் ஆபத்து இருப்பதாகத் தெரிந்த இடங்களுக்குத்தான் முதலில் போனார்கள். குட் வாங்கிய சர்ஜரிகள் பல வருடம் யாரும் எட்டிப் பார்க்காமல் இருந்தது இப்படித்தான்.

4 பிப்ரவரி

"அப்படியானால் ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட் வாங்கியது நல்லதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஏன் கொடுத்தார்கள் என்று படிக்க வேண்டும். அறிக்கை சி.கியூ.சி தளத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, சர்ஜரி பெயரையோ போஸ்ட்கோடையோ போட்டால் வரும்.

ஐந்து கேள்விகளுக்குத் தனித்தனியாக மதிப்பீடு இருக்கும். பாதுகாப்பாக இருக்கிறதா, சிகிச்சை பலன் தருகிறதா, கனிவாக நடத்துகிறார்களா, தேவைக்கு ஏற்ப வசதி செய்கிறார்களா, நிர்வாகம் சரியா. நான் எப்போதும் முதலில் போவது பாதுகாப்புப் பகுதிக்கு. முதல் சுற்றிலேயே அதிகம் சறுக்கியதும் அந்தக் கேள்வியில்தான்.

அதற்குள் என்னென்ன இருக்கும்? தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்ததா, தினமும் யாராவது பார்த்துக் குறித்தார்களா, எல்லை தாண்டிய நாளில் என்ன செய்தார்கள். திடீரென்று ஒருவர் மூச்சுத் திணறி விழுந்தால் ஆக்சிஜனும், இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரும் இருக்கிறதா, அவசர மருந்துகள் காலாவதியாகாமல் இருக்கிறதா. அச்சடிக்காத பிரிஸ்கிரிப்ஷன் தாள்கள் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறதா. வேலைக்குச் சேர்த்தவர்களின் பின்னணியைச் சரிபார்த்தார்களா. தண்ணீர்க் குழாயில் லெஜியோனெல்லா கிருமியின் ஆபத்தைப் பார்த்தார்களா, தீயணைப்புப் பயிற்சி நடந்ததா. இதெல்லாம் காகித வேலை மாதிரித் தெரியும். ஆனால் உங்களுக்குக் கைக்குழந்தை இருக்கிறாள் அல்லவா, 8, 12, 16 வாரத்தில் போடும் ஊசிகள் அந்த ஃபிரிட்ஜிலிருந்துதான் வருகின்றன. சூட்டில் கெட்ட மருந்தும் பார்வைக்கு நல்ல மருந்தைப் போலத்தான் இருக்கும். வெப்பநிலைக் குறிப்பு இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

இதைவிட முக்கியமானது கம்ப்யூட்டர் தேடல். சோதனைக் குழுவோடு வரும் ஜிபி ஆலோசகர் சர்ஜரியின் பதிவுகளில் சில குறிப்பிட்ட தேடல்களைப் போடுவார். ஒரே வருடத்தில் பன்னிரண்டுக்கு மேல், மூச்சுத் திணறும்போது உடனடி நிவாரணத்துக்கான நீல நிற இன்ஹேலர் வாங்கிய ஆஸ்துமாக்காரர்கள் எத்தனை பேர், அவர்களை யாராவது கூப்பிட்டுப் பேசினார்களா. தைராய்டு மாத்திரை போய்க்கொண்டே இருக்கிறது, ரத்தப் பரிசோதனை நடந்ததா. சர்க்கரை எல்லை தாண்டியும் சர்க்கரை நோய் என்று பதியாமல் விட்டவர்கள் இருக்கிறார்களா. லித்தியம், மெத்தோட்ரெக்சேட் மாதிரி தொடர்ந்து கண்காணிக்க வேண்டிய மருந்துகளில் இருப்பவர்களுக்குக் காலத்தில் பரிசோதனை செய்தார்களா. பிறகு சிலருடைய பதிவைத் திறந்து படித்தே பார்ப்பார்கள். உங்கள் கணவரின் ஆஸ்துமாவுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம்.

4 பிப்ரவரி, பின்னிரவு

மெத்தோட்ரெக்சேட் என்று எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை.

என் அம்மாவுக்கு முடக்குவாதம். ஆஸ்பத்திரியில் மெத்தோட்ரெக்சேட் தொடங்கி, நிலையான பிறகு எங்கள் அப்போதைய சர்ஜரியிடம் ஒப்படைத்தார்கள். வாரத்துக்கு ஒரு முறை போடுகிற மாத்திரை அது. நிலையானவர்களுக்கும் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பார்க்க வேண்டும், ஏனென்றால் எலும்பு மஜ்ஜையை அது அமுக்கிவிடலாம். சர்ஜரி மாத்திரையைத் தவறாமல் எழுதிக் கொடுத்தது. ரத்தம் எடுக்க யாரும் கூப்பிடவில்லை. அம்மாவுக்கு இங்கிலீஷ் பேசத் தயக்கம், டாக்டர் கூப்பிடாதபோது நாமாகக் கேட்கக் கூடாது என்று வளர்ந்தவர். வாயெல்லாம் புண்ணாகி, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது வெள்ளை அணுக்கள் பயங்கரமாக இறங்கியிருந்தன. தேறி வந்துவிட்டார். அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தச் சர்ஜரி அப்போது குட். பிறகு வந்த சோதனையில், ஆபத்தான மருந்துகளில் இருக்கும் நோயாளிகளைக் கண்காணிக்க முறையான ஏற்பாடு இல்லை என்று எழுதி, பாதுகாப்பு மதிப்பீட்டை இறக்கினார்கள். அந்தப் பத்தியைப் படித்தபோது எனக்கு ஆத்திரமும் வந்தது, நிம்மதியும் வந்தது. யாரோ ஒருவர் வந்து, கம்ப்யூட்டரில் தேடி, எங்கள் அம்மாவைப் போன்றவர்களைக் கண்டுபிடித்திருக்கிறார். இரண்டு வருடம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்பதுதான் ஆத்திரம்.

7 பிப்ரவரி

இன்னொரு வாசகர்: "எங்கள் டாக்டர் தங்கமான மனிதர். வீட்டுக்கே வந்து பார்ப்பார். அவருக்கு எதற்கு மதிப்பெண்?"

வீட்டுக்கு வந்து பார்க்கும் டாக்டர் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஹரால்ட் ஷிப்மனை மறக்க முடியாது. மான்செஸ்டர் பக்கம் ஹைட் என்கிற ஊரில் தனியாக சர்ஜரி நடத்தியவர். நோயாளிகள் அவ்வளவு பிரியமாக இருந்தார்கள், வீடு தேடிப் போய்ப் பார்ப்பதில் பேர்போனவர். 2000 ஜனவரியில் 15 கொலைகளுக்குத் தண்டனை பெற்றார். டேம் ஜேனட் ஸ்மித் தலைமையிலான விசாரணை 2002இல் வெளியிட்ட முதல் அறிக்கையில் அவர் கொன்றவர்கள் 215 பேர் என்று சொன்னது. பெரும்பாலும் வயதான பெண்கள், டயமார்ஃபின் என்கிற கடுமையான வலிநிவாரணி ஊசி போட்டு. ஒரே டாக்டரிடம் இத்தனை சாவு ஏன் என்று எண்ணிப் பார்க்க அன்றைக்கு யாருக்கும் பொறுப்பு இல்லை.

உங்கள் டாக்டரை அந்த ஆளோடு சேர்த்துப் பேசவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரியம் வேறு, கண்காணிப்பு வேறு. தனி டாக்டரின் தகுதியைப் பார்ப்பது ஜெனரல் மெடிக்கல் கவுன்சில், 2012 டிசம்பரிலிருந்து டாக்டர்கள் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மறுசான்று பெற வேண்டும். சி.கியூ.சி பார்ப்பது சர்ஜரி என்கிற ஏற்பாட்டை. இரண்டும் வேண்டும்.

8 பிப்ரவரி

"வெறும் ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார்கள்" என்று சி.கியூ.சி சோதனையைப் பற்றி ஒரு வாசகர் எழுதியிருப்பது சரியில்லை. இப்போது நான் இருக்கும் சர்ஜரியில் நோயாளிகள் குழு உறுப்பினராக இருக்கிறேன், ஒரு சோதனையை அருகிலிருந்து பார்த்தேன். ஆவணங்களை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிட்டார்கள். டாக்டர்கள், நர்ஸ், ரிசப்ஷனில் இருக்கும் பெண்கள் எல்லோரிடமும் தனித்தனியாகப் பேசினார்கள். என்னிடமும் பேசினார்கள்.

நீங்கள் ஒரு குறை சொன்னால் என்ன நடக்கிறது, உதாரணம் சொல்லுங்கள் என்பதுதான் முதல் கேள்வி. போன் சிக்கலைச் சொன்னேன். காலை எட்டு மணிக்கு அழைத்தால் வரிசையில் முப்பதாவது ஆள், பேச்சு கிடைக்கும்போது அன்றைக்கு அப்பாயின்ட்மென்ட் தீர்ந்திருக்கும், இது உங்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான். நாங்கள் குழுவில் எடுத்துச் சொல்லிச் சொல்லி, திரும்ப அழைக்கும் வசதியை வைத்தார்கள். அதன் பிறகும் மாலை வேலை முடிந்து வருகிறவர்களுக்குக் கஷ்டம் இருக்கிறது என்றும் சொன்னேன். மறைக்க ஒன்றும் இல்லை.

சோதனைக்கு வந்திருந்த அம்மையார் அடுத்துக் கேட்டது நான் எதிர்பாராதது. இங்கிலீஷ் பேசாத நோயாளிகள் உங்கள் குழுவில் இருக்கிறார்களா என்றார். இல்லை. எங்கள் பகுதியில் தமிழ், குஜராத்தி, ருமேனிய மொழி பேசும் குடும்பங்கள் எவ்வளவு! அவர்களில் ஒருவர்கூடக் கூட்டத்துக்கு வருவதில்லை. அதற்குப் பிறகுதான் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம் என்கிற அறிவிப்பைத் தமிழிலும் ஒட்டச் செய்தோம்.

ஒன்று மட்டும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. சோதனைக்கு முந்தின வாரம் முழுக்கப் பிராக்டிஸ் மேனேஜர் இரவு வரை உட்கார்ந்து கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கண் சிவந்து போயிருந்தது. நல்ல சர்ஜரிகூட இப்படித்தான் பயப்படுகிறது.

9 பிப்ரவரி

போனில் பிடிக்க முடியாதது மதிப்பீட்டில் சேருமா என்று கேட்டவருக்கு: ஆமாம், சேரும். ஒவ்வொரு வருடமும் வரும் ஜிபி நோயாளிகள் கருத்துக்கணிப்பின் எண்களைச் சி.கியூ.சி பார்க்கிறது. அந்தப் படிவம் வீட்டுக்கு வந்தால் குப்பையில் போடாமல் நிரப்புங்கள், தமிழர் வீடுகளிலிருந்து பதில் போவதே குறைவு என்பது என் அபிப்பிராயம்.

15 பிப்ரவரி

இன்று வந்த பெரிய கேள்வி: "நம்ம ஊர் டாக்டர்கள் நடத்தும் சர்ஜரிகளை வேண்டுமென்றே கீழே இறக்குகிறார்கள், இது நிறவெறி இல்லையா?"

இதை அவசரப்பட்டு ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டேன். இந்தக் குறை டாக்டர்களிடமிருந்து பல வருடமாக வந்ததால், சி.கியூ.சியே 2022 ஜனவரியில் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. சிறுபான்மை இன டாக்டர்கள் நடத்தும் சர்ஜரிகள் ஏழ்மையான பகுதிகளில் அதிகம், தனி ஆளாக நடத்துகிறவர்கள் அதிகம், நோயாளிகளின் உடல்நிலை மோசம், ஆள் கிடைப்பது கஷ்டம், உதவி குறைவு என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள்.

எண்களில் இது எப்படி அடிக்கும் என்று பாருங்கள். குழந்தைத் தடுப்பூசியில் சர்ஜரி எட்ட வேண்டியது குறைந்தது 90 சதவீதம், உலக சுகாதார நிறுவன இலக்கு 95. கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு 80. வாடகை வீடு மாறி மாறி, ஆறு மாதத்துக்கு ஒரு முகவரி என்று குடும்பங்கள் இடம்பெயரும் கிழக்கு லண்டன் தெருவில் இதை எட்டுவதும், எல்லோரும் நாற்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கும் சர்ரே கிராமத்தில் எட்டுவதும் ஒன்றா? நம் பெண்கள் எத்தனை பேர் அந்தப் பரிசோதனைக் கடிதத்தைக் கூச்சத்தில் ஒதுக்கி வைக்கிறார்கள்? அதுவும் டாக்டரின் மதிப்பெண்ணில்தான் போய் விழுகிறது.

வெள்ளைக்கார டாக்டர்கள் வரத் தயங்கிய தொழிலாளர் பகுதிகளுக்கு வந்து சர்ஜரி திறந்தவர்கள் இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து வந்த டாக்டர்கள். மதராஸ் மெடிக்கல் காலேஜிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் படித்தவர்கள் அதில் இருந்தார்கள். அவர்கள் ஓய்வு பெறும் வயதில் ஒரு தாளில் இனாடிகுவேட் என்று வாங்கிக்கொண்டு போவது எனக்கு வலிக்கிறது.

16 பிப்ரவரி

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். அத்தனையும் இன்னும் சரி என்றுதான் நினைக்கிறேன், ஆனால் எங்கள் அம்மாவின் மருந்தைக் கண்காணிக்காத டாக்டரும் நம்ம ஊர்க்காரர்தான். தமிழில் பேசினார், அம்மாவுக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். வேலைச்சுமை, உதவி இல்லாமை எல்லாம் உண்மை. ரத்தப் பரிசோதனை நடக்கவில்லை என்பதும் உண்மை. ஏழைப் பகுதியில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு குறைவாக இருந்தால் போதும் என்று யாரும் சொல்ல முடியாது. அங்கேதான் அது அதிகம் வேண்டும். ஆகவே மதிப்பீட்டைத் தளர்த்துவதை நான் கேட்கவில்லை, குறை கண்டுபிடித்த இடத்துக்குப் பணமும் ஆளும் அனுப்ப வேண்டும் என்று கேட்கிறேன். இனாடிகுவேட் வாங்கினால் ஆறு மாதத்துக்குள் திரும்ப வருவார்கள், சரியாகாவிட்டால் பதிவை ரத்து செய்யவும் அதிகாரம் உண்டு. மூடினால் அந்த நோயாளிகள் எங்கே போவார்கள்? பக்கத்து சர்ஜரிக்குத்தான், அதுவும் ஏற்கெனவே நிரம்பி வழியும்.

14 மார்ச்

கொஞ்ச நாள் வரவில்லை. நேற்று பிரதமர், அரசு மருத்துவச் சேவையை மேற்பார்க்கும் என்.எச்.எஸ் இங்கிலாந்து அமைப்பையே கலைக்கப் போவதாக அறிவித்துவிட்டார், அதனால் "சி.கியூ.சியும் போய்விடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அது வேறு, இது வேறு. நேற்றைய அறிவிப்பு சி.கியூ.சி பற்றியது அல்ல.

ஆனால் சி.கியூ.சியின் நிலைமையும் மோசம்தான். டாக்டர் பென்னி டாஷ் தலைமையில் அரசாங்கம் வைத்த ஆய்வின் இடைக்கால அறிக்கை 2024 ஜூலையில் வந்தபோது, இந்த அமைப்பு வேலைக்கு லாயக்கில்லாத நிலையில் இருக்கிறது என்று சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங் வெளிப்படையாகவே சொன்னார். சோதனைகளின் எண்ணிக்கை அப்போது கொரோனாவுக்கு முந்தைய அளவுக்குப் பக்கத்தில்கூட இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குள் அதற்கு முன் காலே வைக்காத ஒருவர் ஆஸ்பத்திரியைச் சோதிக்கப் போயிருக்கிறார். 2023 கடைசியில் கொண்டுவந்த புது முறையில் 34 தர வாசகங்களை வைத்துப் புள்ளி போட்டார்கள், அது எப்படி மதிப்பீடானது என்பது சர்ஜரிக்காரர்களுக்கே புரியவில்லை. புதுக் கம்ப்யூட்டர் அமைப்பும் சரியாக வேலை செய்யவில்லை.

ஆகவே தேதியைப் பாருங்கள் என்று முதல் நாள் சொன்னதோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புது அறிக்கை என்றால், அன்றைக்கு எந்தெந்தப் பகுதியைப் பார்த்தார்கள் என்பதையும் கவனியுங்கள். ஐந்தில் சிலவற்றை மட்டும் பார்த்து மற்றதைப் பழைய மதிப்பீட்டிலேயே விட்டிருக்கலாம்.

15 மார்ச்

பள்ளிக்கூடம் பற்றிப் பேச்சு திரும்பியிருக்கிறது. ஆமாம், பள்ளிகளைச் சோதிக்கும் ஆஃப்ஸ்டெட் அமைப்பு ஒரே வார்த்தையில் பள்ளியை மதிப்பிடுவதை 2024 செப்டம்பரில் நிறுத்தினார்கள். ஆஃப்ஸ்டெட் சோதனையைத் தொடர்ந்து ரெடிங் நகரத்துத் தலைமையாசிரியர் ரூத் பெர்ரி இறந்த பிறகு எழுந்த கோபம்தான் அதற்குக் காரணம். சர்ஜரிக்கும் அப்படிச் செய்ய வேண்டுமா? ஐந்து பகுதி மதிப்பீட்டை வைத்துக்கொண்டு மொத்த மதிப்பீட்டை எடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். மொத்த மதிப்பீடு இருக்கும்வரை யாரும் உள்ளே திறந்து படிக்கப் போவதில்லை.

22 மார்ச்

புகார் எங்கே கொடுப்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சி.கியூ.சி உங்கள் தனிப்பட்ட புகாரைத் தீர்த்து வைக்காது. முதலில் சர்ஜரியிடமோ, அந்தப் பகுதியின் மருத்துவச் சேவைக்குப் பொறுப்பான ஐ.சி.பி என்கிற இன்டகிரேட்டட் கேர் போர்டிடமோ எழுதிக் கொடுக்க வேண்டும், இரண்டில் ஒன்றுதான். பொதுவாகப் பன்னிரண்டு மாதத்துக்குள். பதில் திருப்தி இல்லை என்றால் புகார்களை விசாரிக்கும் நாடாளுமன்ற, சுகாதாரச் சேவை ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். ஆனாலும் சி.கியூ.சிக்கும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள், பெயர் சொல்லாமலும் எழுதலாம். எந்தச் சர்ஜரிக்கு முதலில் போவது என்று அவர்கள் முடிவு செய்வதில் அப்படி வரும் தகவலுக்கும் இடம் உண்டு. நாங்கள் அம்மா விஷயத்தில் எழுதினோம். நிதானமாக, தேதி போட்டு, என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

5 ஏப்ரல்

முதல் கேள்வி கேட்ட சகோதரி திரும்பி வந்திருக்கிறார். இரண்டு அறிக்கையையும் படித்துவிட்டு, ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட் வாங்கியதிலேயே பதிந்துவிட்டாராம். குறை சொன்னது பெரும்பாலும் ஊழியர் பயிற்சிப் பதிவுகள், போன் காத்திருப்பு. மருந்துக் கண்காணிப்பும் தடுப்பூசி ஃபிரிட்ஜும் சரி என்று எழுதியிருக்கிறது. நானும் அதையே செய்திருப்பேன். பாஸ்போர்ட், முகவரிச் சான்று இல்லாமல் பதிய முடியாது என்று ரிசப்ஷனில் சொன்னார்களாம். அது விதி இல்லை. அவை இல்லை என்பதற்காக மட்டும் பதிய மறுக்கக் கூடாது என்பதுதான் என்.எச்.எஸ் வழிகாட்டுதல், பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

பதிந்ததும் கணவருக்கு ஆஸ்துமா வருடாந்தரப் பரிசோதனைக்கு நர்ஸிடம் நேரம் வாங்குங்கள், சென்னையில் எடுத்த மருந்துகளின் பெயரை எழுதிக்கொண்டு போங்கள். குழந்தைக்குச் சென்னையில் போட்ட ஊசிகளின் அட்டையையும் கொடுங்கள், இங்குள்ள அட்டவணை வேறு, எது விட்டுப்போயிற்று என்று அவர்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

6 ஏப்ரல்

கார்டிஃபிலிருந்து தன் சர்ஜரியின் மதிப்பீட்டைக் கேட்டவருக்கு: நான் எழுதியது எல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸில் ஹெல்த்கேர் இன்ஸ்பெக்டரேட் வேல்ஸ் என்கிற வேறு அமைப்பு சர்ஜரிகளைப் பார்க்கிறது. அறிக்கை எழுதுவார்கள், குட், இனாடிகுவேட் என்று மதிப்பீடு கொடுப்பதில்லை. அவர்கள் தளத்தில் உங்கள் சர்ஜரி பெயரைத் தேடுங்கள், அறிக்கை இருந்தால் இணைப்பை இங்கே போடுங்கள், சேர்ந்து படிக்கலாம்.